அறுபத்து மூணாம் பக்கத்துத் தொட்டில்

அக்கா, இவளைக் கொஞ்சம் மடியில வச்சுக்கிறீங்களா? ஒட்டன்சத்திரம் வரைக்கும்தான். நான் நின்னுக்கிட்டே வந்துருவேன், எனக்கு ஒண்ணுமில்ல. ஒரு கையில இவ, ஒரு கையில பை, கம்பியைப் பிடிக்க மூணாவது கைக்கு எங்க போறது? ஆங், அப்படித்தான். தலையை மட்டும் இந்தப் பக்கமா வச்சுக்கங்க. அழமாட்டா. யாரு மடின்னெல்லாம் பாக்கமாட்டா, பஸ் ஆடினா போதும், தூங்கிருவா. எட்டு மாசம் ஆகுது. பேரு மிதுனாஸ்ரீ.

அட, பக்கத்துல இருந்தவரு முன்னாடி ஜன்னல் சீட்டுக்குப் போறாரு. நல்லதாப் போச்சு, உக்காந்துக்கறேன். இல்லல்ல, அவ அங்கயே இருக்கட்டும்க்கா. கண்ணு சொருகிருச்சு பாருங்க. இப்பத் தூக்கினா முழிச்சுக்கிட்டு ஊரைக் கூட்டிருவா.

அது என்ன புத்தகம்க்கா, லீவுக்குப் படிக்கவா? அட்டையைக் காட்டுங்க. "வெண்பனியில் ஒரு விரோதி." ஐயய்யோ. எத்தனாவது பக்கம் வந்திருக்கீங்க? இவ்வளவுதானா? அப்ப இன்னும் வென்னீர் போடல.

சொல்லலாமா வேண்டாமான்னு இருக்கு. சொல்லிடறேன். ஊட்டியில அந்தப் பொண்ணு குளிக்கறதுக்கு அடுப்புல வென்னீர் வைப்பா. வச்ச உடனே அவன் வந்து கதவைத் தட்டுவான். கோவம், சண்டை, மழை, கையைப் பிடிச்சு இழுக்கறது எல்லாம் நடக்கும். அந்த வென்னீரை மட்டும் புத்தகம் முடியற வரைக்கும் ஒருத்தரும் இறக்கமாட்டாங்க. விறகடுப்பா இருந்தாலாவது அதுபாட்டுக்கு அணைஞ்சிரும். கேஸுக்கா! ரெண்டு பேரும் கல்யாணம் முடிச்சு வெளிநாடெல்லாம் சுத்திட்டு வர்றாங்க, அங்க ஊட்டியில அடுப்பு எரிஞ்சுக்கிட்டே இருக்கு. எப்படிக்கா நிம்மதியா கடைசிப் பக்கம் படிக்கிறது?

தப்பா நினைச்சுக்காதீங்க. நான் யாருகிட்டயும் பேசவே மாட்டேன். ரொம்பக் கூச்சம். கடையில போயி உப்பு வேணும்னு கேக்கக் கூச்சப்பட்டுக்கிட்டு, கடைக்காரர் என்ன எடுத்துக் குடுக்கறாரோ அதை வாங்கிட்டு வந்திருக்கேன். ஒரு தடவை ஊதுபத்தி. எங்க அத்தை, அதாவது என் மாமியாரு, "வாயில என்னடி கொழுக்கட்டையா வச்சிருக்க"ம்பாங்க. அப்படிப்பட்டவ நான். இன்னிக்கு என்னமோ பேச்சு வருது. இன்னிக்கு நடந்தது அப்படி.

நான் ஆறாவது வரைக்கும்தான் படிச்சேன். ஏழாவது போகலாம்னு இருந்தப்ப எங்க அம்மாவுக்குத் தம்பி பொறந்துட்டான். தூக்கி வச்சுக்க ஆள் வேணும்னு என்னை நிறுத்திட்டாங்க. அதனால எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஒவ்வொரு வார்த்தையா விரல் வச்சுத் தொட்டுத் தொட்டுப் போவேன். நீங்கள்லாம் பஸ்ஸுல போற மாதிரி படிப்பீங்க. நான் நடந்து போறவ. நடந்து போறவளுக்குத்தானே ரோட்டுல கெடக்கறதெல்லாம் தெரியும்?

எங்க தெரு முக்குல கிருஷ்ணவேணி அக்கான்னு ஒருத்தவங்க ஜெராக்ஸ் கடை வச்சிருக்காங்க. மிஷினுக்குப் பின்னாடி ஒரு அலமாரி நிறைய வாடகை நாவல். மே மாசம் வந்தா பள்ளிக்கூடம் இருக்காது, ஜெராக்ஸுக்கு ஆள் வராது, நாவலுக்குத்தான் கூட்டம். லீவுக்கு ஊருக்கு வந்த பொண்ணுங்க, மில்லுல ஷிப்டு முடிச்சவங்க எல்லாரும் அங்கதான். அந்தக் கடையில ஒரு பழக்கம் உண்டு. புத்தகத்துக்குக் கடைசியில வெள்ளையா ஒரு தாள் இருக்குமில்ல, அதுல படிச்சவங்க கருத்து எழுதிட்டுத்தான் திருப்பித் தரணும். "அருமையான காதல் கதை." "முடிவு மனதை உருக்கிவிட்டது." "ஹீரோ மாதிரி ஒருத்தர் கிடைத்தால் போதும், வளர்மதி, காந்தி நகர்." அதுக்குக் கீழயே வேற கையெழுத்துல, "வளர்மதிக்கு ஆசையைப் பார்." இப்படிப் போகும்.

வாயால பேசத்தான் எனக்குக் கூச்சம். எழுதறதுக்கு என்ன? யாரு மூஞ்சியையும் பாக்க வேண்டியதில்ல. இதோ, உங்க கையில இருக்கற இதே கதைக்கு நான் ஒரே வரிதான் எழுதினேன். "அடுப்பை இன்னும் அணைக்கவில்லை."

அடுத்து அந்தப் புத்தகத்தை எடுத்தவங்க மறுநாளே கடைக்கு வந்து, "இது யாரு எழுதினது, எனக்குச் சோறு இறங்கல"ன்னு கேட்டாங்களாம். கிருஷ்ணவேணி அக்கா என்னைக் கூப்பிட்டாங்க. போச்சுடா, திட்டப் போறாங்கன்னு போனா, "நாகஜோதி, இந்தா, இந்த ஆறு புத்தகத்தையும் படிச்சு என்னென்ன அப்படியே கெடக்குன்னு எழுதிக் குடு. உனக்கு வாடகை கிடையாது"ன்னாங்க.

அப்ப எழுத ஆரம்பிச்சதுதான்க்கா. "நீலச் சாவியும் நாலாவது கதவும்", அது துப்பறியும் கதை. கொலையைக் கண்டுபிடிச்சாங்க, எல்லாம் சரி. செத்தவரு வீட்டு மொட்டை மாடியில துணி காயப் போட்டிருந்தாங்க. அன்னிக்கு ராத்திரியே மழை பேஞ்சுது. மழையில ரத்தம் கழுவிப் போச்சுன்னு போலீஸ்காரரு வருத்தப்பட்டாரே ஒழிய, துணியைப் பத்தி ஒரு வார்த்தை? "அக்கினியாய் ஓர் அணைப்பு", அதுல ஹீரோ எப்பப் பாத்தாலும் பல்லைக் கடிச்சுக்கிட்டே பேசறாரு. நான் எழுதினேன், "இவருக்கு நாற்பது வயசுக்குள் பல் தேய்ந்துவிடும். அந்தப் பெண் யோசித்து முடிவு எடுக்கலாம்." அப்புறம் எல்லாக் கதையிலயும் ஹீரோ ஆறடிக்கு மேலதான். ஏழைப் பொண்ணு குடிசைக்குள்ள விறுவிறுன்னு நுழைவாரு. எங்க வீட்டு வாசல் நிலையில என் வீட்டுக்காரரே இடிச்சுக்குவாரு, அவரு கட்டை. இதுல ஒரு புத்தகத்துலகூட ஒருத்தருக்கும் தலையில அடிபடல.

எங்க தெருவுல எல்லாரும் என் கருத்தை முதல்ல படிச்சுட்டுத்தான் புத்தகமே எடுக்க ஆரம்பிச்சாங்க. "நாகஜோதி, இதுல அடுப்பு அணைஞ்சிருக்கா, நம்பிப் படிக்கலாமா?" தண்ணி லாரிக்கு வரிசையில நிக்கறப்போ கேப்பாங்க. நான் தலையை மட்டும் ஆட்டுவேன். கூச்சம்.

அப்பத்தான் அந்தப் புத்தகம் வந்துச்சு. "மரகத மாளிகை மருமகள்." உங்க கையில இருக்கறதை எழுதின அதே சாருலதா வேந்தன் எழுதினது. நீங்க படிச்சிருக்கீங்களா? படிக்காதீங்க. படிச்சாலும் அறுபத்து மூணாம் பக்கத்தைத் தாண்டாதீங்க.

வெங்காயப் பேட்டையில நானும் எங்க அத்தையும் சின்ன வெங்காயம் காம்பு அறுக்கப் போவோம். அத்தைக்குப் படிக்கத் தெரியாது. மத்தியானம் வேலை கொஞ்சம் கொறைஞ்ச நேரம் நான் விரல் வச்சுச் சத்தமாப் படிப்பேன், மத்தவங்க அறுத்துக்கிட்டே கேப்பாங்க. இவளுக்கு அங்கயே விட்டத்துல சேலைத் தொட்டில். கதை என்னன்னா, சம்யுக்தான்னு ஒரு பொண்ணு. அவ அக்கா பிரசவத்துல செத்துப் போயிட்டா. அந்தப் பச்சப்புள்ளைக்காக மாளிகையில அபிமன்யுராஜுன்னு ஒரு கோவக்காரனைக் கட்டிக்கிட்டு வர்றா. அறுபத்து மூணாம் பக்கம் வர்றப்போ எல்லாரும் கத்தியைக் கீழ வச்சுட்டாங்க. எனக்கு மனப்பாடமே ஆயிருச்சு. "சம்யுக்தா குழந்தையைத் தொட்டிலில் இட்டு, மெல்ல ஆட்டிவிட்டு, கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு வெளியே வந்தாள். அங்கே எரிமலையாய் நின்றிருந்தான் அபிமன்யு."

சண்டை. "வெளியே போ"ன்னுட்டான். அவளும் போயிட்டா. அடுத்த பக்கத்தைத் திருப்பறேன், கொட்டை எழுத்துல, "இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு."

எங்க அத்தை, "ஏன்டி, புள்ள?"ன்னாங்க.

"வரும் அத்தை, இருங்க"ன்னேன்.

வரலக்கா. கொடைக்கானல்ல திரும்பப் பாத்துக்கறாங்க, அழறாங்க, சேந்துக்கறாங்க, மறுபடியும் மாலை மாத்திக்கறாங்க. சுபம். ரெண்டு வருசம்க்கா! தொட்டில்ல போட்ட புள்ள தொட்டில்லயே இருக்கு. எடுத்தாங்கன்னு ஒரு வரி இல்ல. பால் குடுத்தாங்கன்னு ஒரு வரி இல்ல. நான் திரும்ப முதல்லயிருந்து விரல் வச்சுத் தேடினேன். எங்கயாவது ஒரு ஓரத்துல, ஒரு "குழந்தை சிரித்தது" இருக்காதான்னு. இல்ல.

பேட்டையில அத்தனை பேரும் அழுதாங்க. வெங்காயத்துக்கா கதைக்கான்னு கேட்டா சொல்லத் தெரியாது. அத்தை மட்டும் கதைக்குத்தான். அவங்களுக்கு வெங்காயத்துல கண்ணு எரியறதெல்லாம் எப்பவோ மரத்துப் போச்சு.

அன்னிக்கு அத்தை சோறு திங்கல. என் வீட்டுக்காரரு மார்க்கெட்டுல தராசு போட்டுட்டு அசந்து வந்தவரு, விசயத்தைக் கேட்டுட்டு, "அட லூசுகளா, கதையில வர்ற புள்ளைக்குப் பசிக்குமா?"ன்னு ஒரு வார்த்தை விட்டாரு. அத்தை எந்திரிச்சு நின்னு, "உன்னைத் தொட்டில்ல போட்டுட்டு நான் அப்படியே போயிருந்தா தெரிஞ்சிருக்கும்டா உனக்கு"ன்னாங்க. அதுலருந்து அவரோட நாங்க ரெண்டு பேரும் பேசறதில்ல. நான் முன்னாடியும் அதிகம் பேசமாட்டேன்கறதால அவருக்கு வித்தியாசம் தெரியல.

எனக்கு அந்தப் புத்தகத்தை மூட மனசு வரலக்கா. மூடினா உள்ள புள்ளைக்கு மூச்சு முட்டும்னு ஒரு நெனப்பு. அறுபத்து மூணாம் பக்கத்துல துணிக் கிளிப்பை மாட்டி விரிச்சபடியே அலமாரியில வச்சேன். அத்தை அதுக்குப் பக்கத்துல ஒரு கிண்ணத்துல பால் வச்சாங்க. "எதுக்கு அத்தை"ன்னேன். "நீ கண்டியா?"ன்னாங்க. காலையில பாத்தா பால் காலி. எனக்குத் தெரியும்க்கா, அது பக்கத்து வீட்டுப் பூனை. அத்தைக்கு நான் சொல்லல. அவங்க அன்னிக்குத்தான் நல்லாச் சாப்பிட்டாங்க.

தெருவுக்குச் சேதி பரவிருச்சு. புத்தகம் ஒண்ணே ஒண்ணுதான், கேக்கறவங்க நிறைய. கிருஷ்ணவேணி அக்கா அந்தப் பக்கத்தை மட்டும் ஜெராக்ஸ் எடுத்து ஆளுக்கு ஒண்ணு குடுத்தாங்க. அது இன்னும் மோசமாப் போச்சு. முன்னாடி ஒரு புள்ள, இப்ப வீட்டுக்கு ஒரு புள்ள. வளர்மதி இல்ல, ஹீரோ மாதிரி வேணும்னு எழுதினாளே, அவ கடைக்கே வந்து, "எனக்கு அவன் வேண்டாம், வேற யாரையாச்சும் பாத்துக்கறேன்"னு தன் கருத்தை அடிச்சுட்டுப் போனா. வேற நாவல் எடுக்க ஆளில்ல. "அந்தப் புள்ளைக்கு ஒரு வழி பிறக்காம எப்படி வேற கதை படிக்கிறது, நல்லாவா இருக்கும்?"ங்கறாங்க. மே மாசம், ஓட வேண்டிய நேரத்துல கடை ஈயடிச்சுது. கிருஷ்ணவேணி அக்கா கும்பிடாத குறையா, "நீ ஆரம்பிச்சு வச்சது நாகஜோதி, நீயே முடிச்சு வை"ன்னாங்க.

புத்தகத்துக்குப் பின்னாடி, "ஆசிரியருக்கு எழுத"ன்னு திண்டுக்கல் விலாசம் இருந்துச்சு. எழுதிக் கேட்டு, பதில் வந்து, அதுவரைக்கும் புள்ள தாங்குமா? அத்தை, "நேர்ல போடி. ஒரே ஒரு வரி எழுதி வாங்கிட்டு வா. யாரோ ஒருத்தர் தூக்கிட்டாங்கன்னு. அது போதும். ஆயிரம் கூச்சம் இருந்தாலும் புள்ள விசயத்துல கூச்சம் பாக்கக் கூடாது"ன்னு சொல்லிக் காலையில பஸ் ஏத்திவிட்டாங்க.

கை வலிக்குதாக்கா? எச்சி வழியுது பாருங்க, துண்டு தரேன். அவ அப்பன் மாதிரி, தூங்கினா வாயைத் தொறந்துருவா.

நாகல் நகர்ல சந்துக்குள்ள சந்து. சாருலதா வேந்தன்னு கேட்டா ஒருத்தருக்கும் தெரியல. கடைசியில ஒரு பாட்டரி ஆட்டோக்காரரு, "கதை எழுதுமே, தங்கமணியம்மா, அவங்களா?"ன்னு வீட்டைக் காட்டினாரு. நான் என்ன நினைச்சேன், மாளிகை இல்லாட்டியும் ஒரு மாடியாவது இருக்கும்னு. ஓட்டு வீடு. வாசல்ல முறத்துல கூழ் வடகம் காயுது. நைட்டி மேல துண்டு போட்டுக்கிட்டு, அம்பது வயசு இருக்கும், காக்கா விரட்டிக்கிட்டு உக்காந்திருந்தாங்க. அவங்கதான்.

புத்தகத்தை நெஞ்சோட பிடிச்சுக்கிட்டு நின்னேன். அவங்க பாத்தாங்க. மூஞ்சியெல்லாம் பூத்துப் போச்சு. "வாம்மா, வாம்மா! ரசிகையா? கைப்புள்ளையோட இவ்வளவு தூரமா! உள்ள வா"ன்னு கூட்டிட்டுப் போயி, மோரு குடுத்து, நான் கேக்காமலே புத்தகத்தை வாங்கி முதல் பக்கத்துல கையெழுத்துப் போட்டாங்க. "அன்பு வாசகிக்கு"ன்னு. "எந்த இடம் ரொம்பப் பிடிச்சுது? கொடைக்கானல் சீன்தானே? எல்லாரும் அதான் சொல்றாங்க."

நான், "புள்ளைய எடுத்துட்டாங்களாம்மா?"ன்னேன்.

"எந்தப் புள்ள?"

எந்தப் புள்ளன்னு கேட்டாங்கக்கா. பெத்தவங்க! உள்ள குக்கர் விசில் அடிச்சுது. அவங்க அசையல. நான் கிளிப்பை எடுத்து அறுபத்து மூணாம் பக்கத்தைக் காட்டினேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கிட்டுப் படிச்சாங்க. "ஓ, இதுவா"ன்னு சிரிச்சாங்க. "மாசத்துக்கு ரெண்டு நாவல் கேக்கறாங்கம்மா, ஒண்ணு ரெண்டு விடுபடும். இதுக்கென்ன, பெரிய மாளிகை, ஆயா இருப்பாங்கல்ல, பாத்துக்குவாங்க."

"ஆயா பத்து பக்கத்துக்கு முன்னாடியே மக கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிட்டாங்கம்மா."

"அப்படியா? சரி, சமையக்காரரு?"

"சாம்பார்ல உப்பு கூடிருச்சுன்னு ஹீரோ அவரை வேலையை விட்டுத் தூக்கிட்டாரும்மா."

"ஆமால்ல. நல்ல சீன் அது. அபிமன்யுவோட அம்மா?"

"கோமாவுல இருக்காங்க."

"டிரைவர் மாணிக்கம்!"

"சம்யுக்தாவை பஸ் ஸ்டாண்டுல விடப் போனவருதான். திரும்பி வந்தாருன்னு நீங்க எழுதல."

மறுபடியும் குக்கர் விசில். அப்புறம் இன்னொண்ணு. அவங்க காதுலயே விழல. அப்பவே புரிஞ்சுபோச்சுக்கா, இவங்க கையில ஏன் எந்த அடுப்பும் அணையறதில்லன்னு. நானே எந்திரிச்சுப் போயி அணைச்சுட்டு வந்தேன். பருப்பு அடிப்பிடிச்சு நாறுது.

வந்து பாத்தா, அவங்க மூஞ்சி வெளிறிப் போயிருந்துச்சு. விரல் விட்டு எண்ணிக்கிட்டிருந்தாங்க. "அபிமன்யு?"ன்னு அவங்களே கேட்டுட்டு, அவங்களே, "அவன் அன்னிக்கே லண்டன் ஃபிளைட் ஏறிட்டான்"னாங்க. "அப்ப அந்த வீட்டுல…"ன்னு நிறுத்தினாங்க.

"நாய் ஒண்ணு இருக்கும்மா. டைகர்."

"நாயா?"ன்னு தலையில கை வச்சுட்டாங்க. "அய்யோ, அதுக்கும் சோறு வைக்க ஆளில்லையே."

வாசல்ல காக்கா வடகத்தைக் கொத்துது, அதையும் நான்தான் விரட்டினேன். அப்புறம் அவங்களுக்கு ரோசம் வந்துருச்சு. "இங்க பாரும்மா, எனக்கு நானே ராஜா, நானே மந்திரின்னு தனியா உக்காந்து எழுதறவ. ஒண்ணு நெனப்புல இருந்தா ஒண்ணு மறந்து போகும். எழுதறவ மறந்தாலும் படிக்கறவங்க நீங்க மறக்கமாட்டீங்க, பாத்துக்குவீங்கங்கற தைரியத்துலதான எழுதறேன்?"னாங்க.

எனக்கு வந்துச்சே கோவம்! இது ஒரு பேச்சாக்கா, நீங்களே சொல்லுங்க. தொட்டில்ல போட்டவ மறந்துட்டு, பாக்கறவ பாத்துக்குவான்னு சொல்றது? நான் என் வாழ்க்கையில யாரையும் எதிர்த்துப் பேசினதில்ல. இன்னிக்குப் பேசிட்டேன். "என்ன நெனப்பு இருந்தாலும் புள்ள நெனப்பு போகுமாம்மா? நானும் அன்னாடம் ஆயிரம் நெனப்போடதான் திரியறேன். ஒரு நாள், ஒரு நிமிசம், இவளை மறந்திருப்பேனா? மறக்கறவங்க கையில புள்ளையே குடுக்கக் கூடாது"ன்னேன். சொல்லிட்டு அழுதுட்டேன். அவங்களும் அழுதாங்க. இவளும் முழிச்சுக்கிட்டு அழுதா. மூணு பேரும் அழுது ஓஞ்சப்புறம், "சரி, இப்ப நான் என்ன செய்யணும்?"னு மூக்கைச் சிந்திக்கிட்டே கேட்டாங்க.

"ஒரு வரி எழுதிக் குடுங்கம்மா. யாராச்சும் தூக்கிட்டாங்கன்னு."

பேனாவை எடுத்தாங்க. யோசிச்சாங்க. "யாரும் இல்லையேம்மா அந்த வீட்டுல. திடீர்னு ஒரு ஆளை எங்கருந்து கொண்டாறது?"ன்னு என்னைப் பாத்தாங்க. என்னையே பாத்தாங்க. "உன் பேரு என்னம்மா?"

எழுதிட்டாங்கக்கா! இதோ பாருங்க, அறுபத்து மூணாம் பக்கம், ஓரத்துல, நீல மையில. நானே படிக்கறேன், நகருங்க. "அப்போது பக்கத்து வீட்டு நாகஜோதி ஓடோடி வந்து, தொட்டிலில் இருந்த குழந்தையை அள்ளியெடுத்து, மார்போடு அணைத்துக்கொண்டாள்." கீழ கையெழுத்து. ஓடோடியாம். நான் மெதுவாத்தான் நடப்பேன், இருந்தாலும் புள்ளைக்காக ஓடியிருப்பேன்.

உசிரே வந்துச்சு. எத்தனை நாள் கழிச்சு அந்தப் புள்ளையை ஒரு ஆள் தூக்கியிருக்கு! கிளம்பறப்போ வாசல் வரைக்கும் வந்து, "நாகஜோதி, இனிமே அது உன் பொறுப்பு. எனக்கு அடுத்த மாசக் கதை இருக்கு"ன்னாங்க. தலையை ஆட்டிட்டு வந்துட்டேன். பஸ் ஸ்டாண்டு வந்தப்புறம்தான்க்கா உறைக்குது. இனிமே அது என் பொறுப்பு!

இப்ப அதான் என் கவலையே. புள்ளையை வாங்கிட்டேன், சரி. பேரு என்ன? புத்தகம் பூரா "குழந்தை, குழந்தை"ன்னுதான் இருக்கு, பொண்ணா ஆணான்னுகூட இல்ல. என்ன சட்டை தைக்கிறது? மாளிகையில ஏசியில வளந்தது. எங்க வீட்டு ஃபேனு கரகரன்னு சத்தம் போடும், அதுக்குத் தூக்கம் வருமா? அத்தை சந்தோசப்படுவாங்க, அது தெரியும். இவ அப்பாவுக்கு யாரு சொல்றது? நாங்கதான் பேசறதில்லயே. அவரு பாட்டுக்குக் காலையில போனப்போ ஒரு புள்ள, சாயங்காலம் வந்தா ரெண்டு புள்ள. டைகர் வேற இருக்கு. அதை எழுதச் சொல்ல மறந்துட்டேன். திரும்ப ஒரு நடை போகணும்.

மடியில ரெண்டு புள்ளைய வச்சுச் சமாளிக்க முடியுமான்னுதான், அக்கா, திண்டுக்கல்லுலருந்து இதே யோசனை. ஒண்ணைத் தூக்கினா ஒண்ணு விட்டுப் போகுமோன்னு ஒரு பயம். சேச்சே, அப்படியெல்லாம் ஆகாது. ஆகவிடமாட்டேன். பாருங்க, எப்படிப் பிடிச்சிருக்கேன்னு. ரெண்டு கையாலயும். இந்த நெஞ்சை விட்டு இது இறங்காது.

ஐயோ, லெக்கையன்கோட்டை தாண்டிருச்சா? ஒட்டன்சத்திரமேவா! கண்டக்டர் அண்ணே, இறங்கணும், இறங்கணும்! பை இருக்கு. பால் பாட்டில் இருக்கு. துண்டு இருக்கு. கிளிப்பு இருக்கு. புத்தகம்… இதோ கையில. சரியாப் போச்சு. வரேன்க்கா. உங்ககூடப் பேசினது மனசுக்கு ஆறுதலா இருந்துச்சு. நீங்க படிங்க. அந்த வென்னீரை மட்டும் பாத்துக்கங்க. கொஞ்சம் வழி விடுங்கண்ணே, கையில புள்ள இருக்குல்ல, இடிக்காதீங்க…

அக்கா! அக்கோவ்! அண்ணே, நிறுத்துங்க, விசில் அடிங்க! நிறுத்துங்கண்ணே! அக்கா, ஜன்னலைத் தொறங்க! இந்த ஜன்னல்! இங்க, கீழ!

குடுங்க, குடுங்க. இப்படியே குடுங்க. தலையைப் பாத்து. காலை மடக்குங்க. ஆங், வந்துட்டா. இன்னும் தூங்கறா பாருங்க, பாவம்.

என்னக்கா நீங்க! மறுபடியும் புத்தகத்தைத் தொறந்துட்டீங்களா? மடியில ஒரு பச்சப்புள்ளைய வச்சுக்கிட்டு, ஊட்டியில வென்னீர் எங்கன்னு தேடிக்கிட்டிருக்கீங்களே! சொல்லிக்கிட்டு வந்தவ நான், ஆயிரம் நெனப்பு இருக்கும், ஒரு நேரம் போல இன்னொரு நேரம் இருக்காது. நான் மறந்தாலும் கேட்டுக்கிட்டிருந்தவங்க நீங்க மறக்கலாமா?

நல்லவேளை, நான் கவனிச்சேன். போங்கண்ணே, ரைட்.